ஓடக்காரிக்கும் ஒரு பெயர் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

ஃபேன்டஸி வீடியோ கேம்களில் ஓரமாக வந்துபோகும் பெண் பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சில கேம்களின் கதை முடிவுகள் வெளிப்படையாக வருகின்றன. விளையாடிக்கொண்டிருப்பவர்கள் கேமின் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எந்த ஃபேன்டஸி கேமைத் திறந்தாலும் விடுதி நடத்துபவள், மூலிகை அரைப்பவள், கோயிலில் காயம் ஆற்றுபவள், கடத்தப்பட்ட மகள் என்று நாலைந்து பெண்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். எழுதுபவர்களுக்குக் கற்பனைப் பஞ்சமா?
வாசகி, தஞ்சாவூர்

வேலை தொடங்கும் வரிசைதான் காரணம். ஒரு கேமுக்கு முதலில் எழுதப்படுவது தேவைகளின் பட்டியல். ஆட்டக்காரர் எங்கே உறங்குவார், எங்கே மருந்து வாங்குவார், எங்கே சக்தியை ஏற்றிக்கொள்வார், அடுத்த வேலையை யார் கொடுப்பார்? இவை முடிவான பிறகே ஒவ்வொரு தேவைக்கும் ஒரு முகம் ஒட்டப்படுகிறது. ஆற்றுவது, உணவு தருவது, காத்திருப்பது என்றால் கை தானாகப் பெண் முகத்தை எடுக்கிறது. மறிப்பது, அடிப்பது, ஆணையிடுவது என்றால் ஆண் முகத்தை எடுக்கிறது.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கேம்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆட்டக்காரரின் லெவலை ஏற்றிவிடுபவர் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ (2009) கேமில் கறுப்பு உடைப் பெண், ‘டார்க் சோல்ஸ் 2’ (2014) கேமில் மரகதத் தூதுவள், ‘பிளட்போர்ன்’ (2015) கேமில் ஒரு பொம்மை, ‘டார்க் சோல்ஸ் 3’ (2016) கேமில் நெருப்பின் காவல்காரி, ‘எல்டன் ரிங்’ (2022) கேமில் மெலினா. ஐந்திலும் மெல்லிய குரல், தாழ்ந்த பேச்சு, நமக்காகவே காத்திருக்கும் உடல். மெலினாவுக்குத் தனக்கென ஒரு நோக்கம் உண்டு. ஆனால் வேலையின் அச்சு அதேதான்.

முதல் ‘டார்க் சோல்ஸ்’ (2011) இந்த அச்சை ஒரு விதத்தில் மீறிப் பார்த்தது. அதில் அனஸ்டேசியா என்ற காவல்காரி நெருப்புக்குக் கீழே கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், நாக்கு அறுக்கப்பட்டவள். லாட்ரெக் என்ற வீரன் அவளைக் கொன்றால் அங்கே எரியும் நெருப்பே அணைந்துவிடும், அங்கே உட்கார்ந்து இளைப்பாற முடியாது. அவள் உடல் கிடக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கண் உருண்டை கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அனோர் லோண்டோ என்ற நகருக்குப் போய், லாட்ரெக்கின் உலகத்துக்குள் நுழைந்து அவனை வென்று, அவளுடைய ஆன்மாவை மீட்டுக் கொண்டுவந்து தர வேண்டும். உயிர் பெற்ற பிறகு அவள் பேசுகிறாள். அவள் சாவு ஆட்டக்காரரின் கையில் உறைக்கிறது என்பது பெரிய விஷயம். ஆனாலும் கை இழந்தது நெருப்பைத்தான், அவளை இல்லை. அந்தக் குறை இன்றைய கேம்களிலும் தீர்ந்தபாடில்லை.

அப்படியானால் சிறிய பாத்திரமாக இருந்தும் நன்றாக எழுதப்பட்ட ஒரு பெண்ணைக் காட்டுங்கள். ‘வலிமையான பெண்’ என்று வாள் கொடுத்தவளாக இருக்க வேண்டாம்.
வாசகர், திருநெல்வேலி

இருவரைச் சொல்லலாம். இருவரிடமும் வாள் இல்லை.

முதலாமவர் ‘எல்டன் ரிங்’ ரொடரிக்கா. புயல்மலைக் குடிசையில் சிவப்பு முக்காட்டோடு, கூட வந்தவர்களையெல்லாம் இழந்து, பயந்து உட்கார்ந்திருப்பாள். பேசி முடித்தால், சண்டையில் துணைக்கு அழைக்கக்கூடிய ஜெல்லிமீன் ஆவியின் சாம்பலை நம்மிடம் தருகிறாள். ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் கிடக்கும் அவள் தோழர்களின் நினைவுப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் வட்டமேசை மண்டபத்துக்கு இடம் மாறுகிறாள். அங்கே அடுப்பருகே வெறுமனே உட்கார்ந்திருப்பவளைப் பற்றிக் கொல்லர் ஹ்யூகிடம் பேச வேண்டும். அவளிடம் ஆவிகளைப் பண்படுத்தும் திறன் இருப்பதை அவர்தான் கண்டுசொல்கிறார். இருவரிடமும் மாறி மாறிப் பேசினால் அவள் கொல்லருக்கு அருகில் தனக்கென ஓர் இடம் பிடித்து, ஆவிச் சாம்பல்களை +10 வரை மெருகேற்றித் தரும் தொழில்காரியாகிறாள்.

இதிலும் அவள் ஒரு ‘தேவை’தான்: மெருகேற்றும் கடை. வித்தியாசம், அந்தக் கடை அவளுக்கு எப்படி வந்தது என்பதே கதையாகிவிட்டது. நாம் செய்தது தூது. திறன் அவளுடையது, கற்றுக்கொடுத்தவர் கொல்லர். கேமின் பிற்பகுதியில் ஹ்யூக் நினைவு மங்கிக்கொண்டே போகும்போது அவரைவிட்டுப் போகாமல் இருப்பவளும் அவள்தான். நம்மைத் தொடாத ஒரு பந்தம் இரண்டு சிறு பாத்திரங்களுக்கு நடுவே இருக்கிறது, அதனால்தான் அந்த மண்டபம் ஊர் போல இருக்கிறது.

இரண்டாமவர் ‘மஜோராஸ் மாஸ்க்’ (2000) கேமின் விடுதிக்காரி ஆஞ்சு. இந்தக் கேமில் நிலா விழ மூன்றே நாள். காலத்தைத் திருப்பி அதே மூன்று நாளை நாம் சுற்றுச் சுற்றாக மீண்டும் ஆடுகிறோம். ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த 72 மணி நேரத்துக்கும் கால அட்டவணை உண்டு. காணாமல் போன வருங்காலக் கணவன் காஃபேயிடமிருந்து முதல் நாள் பிற்பகலில் தபால்காரர் கடிதம் தருகிறார். காஃபேயின் முகமூடியை அணிந்து நாம் பேசினால் இரவு 11:30க்குச் சமையலறைக்கு வரச் சொல்கிறாள். போகாவிட்டால் அந்தச் சுற்றில் விஷயம் முடிந்தது. போனால் பதில் கடிதத்தைத் தருகிறாள். அதைத் தபாலில் போட்டால், இரண்டாம் நாள் அது போய்ச் சேரும் இடத்தில் காஃபே ஒளிந்திருப்பது தெரிகிறது. அவன் தரும் பதக்கத்தை அவளிடம் சேர்த்தால், மூன்றாம் நாள் ஊரே காலி செய்தும் அவள் விடுதியிலேயே காத்திருப்பாள். சேர்க்காவிட்டால் குடும்பத்தோடு பண்ணைக்குப் போய்விடுவாள்.

நாம் பார்க்காதபோதும் அவள் பாட்டிக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறாள். இரண்டாம் நாள் மழையில் குடை பிடித்துத் தனியே வெளியே நடக்கிறாள். பின்தொடர்ந்தால் பார்க்கலாம், பின்தொடராவிட்டாலும் அது நடக்கிறது. வசன எண்ணிக்கையைவிட இந்த அட்டவணைதான் அவளுக்கு உயிர் கொடுக்கிறது.

பெண் பாத்திரம் செத்தால்தான் கதை நகரும் என்று ஒரு விதி இருக்கிறதா? எந்தச் சாவு எழுத்தாளரின் சோம்பல், எந்தச் சாவு தேவையானது என்று எப்படிப் பிரிப்பது?
வாசகி, கோயம்புத்தூர்

ஒரு கேள்வி போதும்: அந்தச் சாவுக்குப் பிறகு கதை யாரோடு போகிறது?

‘எல்டன் ரிங்’ இரினாவைப் பாருங்கள். அழும் தீபகற்பத்தில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத பெண். மோர்ன் கோட்டையின் தலைவரான தன் தந்தை எட்கரிடம் ஒரு கடிதம் சேர்க்கச் சொல்கிறாள். கோட்டையில் வேலையை முடித்துத் திரும்பினால் அவள் பிணம், பக்கத்தில் தந்தை. பிறகு எட்கர் பழிவாங்குபவனாக வேறோரிடத்தில் நம் மீதே பாய்கிறார். சாவு அவளுடையது, கதை தந்தையுடையது. அவளுக்கு எழுதப்பட்டதெல்லாம் பயமும் வேண்டுகோளும்தான். எழுத்து நேர்த்தியாக இருந்தாலும் இது சோம்பல் வகை என்பதே எங்கள் கருத்து.

‘த விட்சர் 3’ (2015) கேமின் குருதி பாரன் கதை இதைவிடச் சிக்கலானது, ஆழமானதும்கூட. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் பாரன், காணாமல் போன மனைவி அன்னாவையும் மகள் தமாராவையும் தேடித் தரச் சொல்கிறார். ஒரே குவெஸ்டில் (நாயகன் ஏற்கும் பணியில்) இரண்டு பெண்கள், இரண்டு வகை எழுத்து. மகள் ஆக்ஸன்ஃபர்ட்டில் சூனிய வேட்டையர்களோடு சேர்ந்திருக்கிறாள். தந்தையிடம் திரும்ப மாட்டேன் என்கிறாள். எந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நாயகனால் அந்த முடிவை மாற்ற முடியாது. சிறு பாத்திரம் ஒன்றுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை இந்த ‘முடியாது’. எல்லாப் பூட்டையும் திறந்துவிடும் நாயகனுக்கு ஒரு பெண்ணின் சொல் பூட்டாக நிற்கிறது.

அன்னாவுக்கு அது கிடைக்கவில்லை. விரும்பாத கர்ப்பத்திலிருந்து விடுபடச் சதுப்புநிலச் சூனிய மூதாட்டிகளோடு ஒப்பந்தம் செய்தவள் அவள். அவ்வளவு கனமான முடிவை எடுத்தவள் கதைக்குள் வரும்போது ஏற்கெனவே அந்த மூதாட்டிகளின் அடிமை. வழியில் ஒரு குன்றில் அடைபட்டிருக்கும் ஆவியை நாம் விடுவித்தோமா, கொன்றோமா என்பதைப் பொறுத்து அவள் சாகிறாள், அல்லது மனம் கலங்கி உயிர் பிழைக்கிறாள். செத்தால் பாரன் தூக்கில் தொங்குகிறார். பிழைத்தால் அவளைக் குணப்படுத்த நீலமலைக்கு அழைத்துப் போகிறார். இரண்டு முடிவிலும் கேமின் கவனம் அவருடைய குற்ற உணர்ச்சியின் மேல் இருக்கிறது. தன்னை அடித்தவரோடு போக அவளுக்குச் சம்மதமா என்று கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் குவெஸ்ட் இன்னும் உயர்ந்திருக்கும்.

‘பலி’ என்பது எவ்வளவு இயந்திரத்தனமான இடம் என்பதற்கு ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) ஓர் உதாரணம். அதில் கொலைவெறி பிடித்த ‘டார்க் அர்ஜ்’ பின்னணியைத் தேர்ந்தெடுத்து ஆடினால், பாடகி அல்ஃபிரா ஓர் இரவு நம் முகாமுக்கு வருகிறாள். விடிந்து பார்த்தால் நம் கையாலேயே கொல்லப்பட்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்ற ஆட்டக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அவளைச் சாகாத அளவுக்கு அடித்து முன்கூட்டியே மயக்கமாக்குவது. அப்படிச் செய்தால் குவில் என்ற டிராகன்பார்ன் இனப் பாடகி வந்து அதே இடத்தில் சாகிறாள். ஆள் மாறினாலும் நாற்காலி காலியாகக் கூடாது! ஆட்டக்காரர்கள் இத்தனை பாடுபட்டு அல்ஃபிராவைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், முன்பு அவள் பாட்டு எழுதத் திணறும் அந்தச் சிறு காட்சி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

‘ஸ்கைரிம்’ விளையாடும்போது ஊர் மாறினாலும் பெண்கள் ஒரே குரலில் ஒரே வரியைச் சொல்கிறார்கள். திருமணம் செய்துகொண்டால் வீராங்கனைகூட வேறு ஆளாகிவிடுகிறாள். ஏன்?
வாசகர், சேலம்

‘ஸ்கைரிம்’ (2011) கேமில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வகை ஒதுக்கப்பட்டிருக்கும். பொது வரிகள் ஆளுக்கு ஒன்றாகப் பதிவாவதில்லை, குரல் வகைக்கு ஒன்றாகப் பதிவாகின்றன. நமக்குத் துணையாக வரும் வீராங்கனை லிடியாவின் குரல் சமநிலைக் குரல் வகையைச் சேர்ந்தது. அதே வகையில் வேறு பல பெண்களும் இருக்கிறார்கள். வணக்கம், சண்டைக் கூச்சல், கடைப் பேச்சு எல்லாம் அந்தப் பொதுக் கிடங்கிலிருந்து வருகின்றன. தனக்கென்று எழுதப்பட்ட சில வரிகள் தீர்ந்ததும் பாத்திரம் கிடங்குக்குத் திரும்பிவிடும்.

திருமண வசனமும் குரல் வகைக்கே பதிவு செய்யப்பட்டது. மணம் முடிந்ததும் துணை நாளுக்கு 100 பொற்காசு சம்பாதித்துத் தருகிறார், நாளுக்கு ஒருமுறை சமைத்துத் தருகிறார், அருகில் உறங்கி எழுந்தால் 8 மணி நேரத்துக்குத் திறன்கள் 15 விழுக்காடு வேகமாக வளர்கின்றன. ஆண் துணைக்கும் இதே விதிதான், அது நியாயம். ஆனால் வேட்டைக்காரி ஏலாவும் வணிகக் கனவு காணும் இசோல்டாவும் ஒரே கொஞ்சல் வரியைச் சொல்லும்போது, அதுவரை நமக்குத் தெரிந்த ஆள் மறைந்துபோகிறார்.

இசோல்டா இருக்கும் வைட்ரன் ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொருத்தி கார்லோட்டா. தனியாக மகளை வளர்த்துக்கொண்டு சந்தையில் காய்கனி விற்பவள். ஊர் ஆண்களின் தொல்லை தாங்கவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லை என்கிறாள். நாம் பாடகன் மிக்கேலை எச்சரித்து உதவினாலும் அவளை மணக்கும் வாய்ப்பைக் கேம் நமக்குத் தருவதில்லை. அவள் சொன்ன சொல்லை விதியும் காப்பாற்றுகிறது. இசோல்டா விஷயம் நேர் எதிர். விடுதியை வாங்கி நடத்த வேண்டும் என்ற அவள் ஆசை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் விடுதி அவள் கைக்கு வர, இப்போது அதை நடத்தும் ஹுல்டா சாக வேண்டும். ஒரு பெண்ணின் ஆசைக்குக் கதவு வைக்கும்போது அது இன்னொருத்தியின் பிணத்தின் மேல் திறக்காதபடி பார்த்துக்கொள்ளலாம்.

குரல் கிடங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய கேமான ‘ஆப்லிவியன்’ (2006) பாடம். பிச்சை கேட்கும்போது தளர்ந்த முதிய குரல், அதே ஆளிடம் வதந்தி கேட்டால் திடமான வேறு குரல். பிச்சைக்காரர் வரிகள் தனியாகவும், பொதுவரிகள் இனவாரியாகவும் பதிவானதால் வந்த கோளாறு அது. சிறு குழுவாகக் கேம் செய்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி: பெயர் வைத்த பாத்திரத்துக்குப் பொதுக் கிடங்கு வரியைத் தராதீர்கள். ஆறு வரி தனியாகப் பதிவு செய்ய முடியாவிட்டால் அவளைப் பேசாமல் வேலை செய்யவிடுங்கள். வேலை செய்யும் மௌனம் பொய்யாகத் தெரியாது.

பெண் பாத்திரங்கள் குறைவாகப் பேசுகிறார்கள் என்பது வெறும் எண்ணமா, கணக்கு உண்டா?
வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. 2023இல் ‘ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஆய்வு 50 ரோல் பிளேயிங் கேம்களின் (ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் கேம்களின்) வசனங்களை எண்ணியது. 13,000க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அந்தக் கணக்கில் வந்தார்கள். பெண்கள் பேசியது மொத்த வசனத்தில் சுமார் 35 விழுக்காடு. பெண் பாத்திரங்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பது ஒரு காரணம். யாரிடம் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதிலும் சாய்வு இருந்தது.

உங்கள் கேமிலும் எண்ணிப் பார்க்கலாம். எல்லா வசனங்களையும் ஒரு எக்செல் தாளில் கொட்டி நான்கு பத்தி போடுங்கள்: பேசுபவர், அவர் ஆணா பெண்ணா, யாரிடம் பேசுகிறார், நீளம். தமிழில் சொற்களை எண்ணினால் கணக்கு தவறும், ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ ஒரு சொல்தானே. எழுத்துகளை எண்ணுங்கள். மூன்று கூட்டல் போதும்: பெண்கள் பேசியது மொத்தம் எவ்வளவு, அதில் நாயகனிடம் பேசாமல் வேறு பாத்திரத்திடம் பேசியது எவ்வளவு, அதில் இன்னொரு பெண்ணிடம் பேசியது எவ்வளவு. மூன்றாவது எண் பெரும்பாலும் பூஜ்யமாக வரும், அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

காவலர், கொள்ளையர், தச்சர், குதிரைக்காரர் போன்ற கூட்டப் பாத்திரங்களுக்கு, வசனம் எழுதும் முன்பே காசு சுண்டி ஆண் பெண் முடிவு செய்யுங்கள். எழுதிய பின் மாற்றினால் வரிகளில் பழைய ஆளின் சாயல் ஒட்டியிருக்கும்.

ஓரத்தில் இருந்த பெண் அடுத்த பாகத்தில் முக்கியமானவளாக வந்த கேம்கள் உண்டா?
வாசகி, பெங்களூரு

‘பால்டர்ஸ் கேட்’ (1998) கேமின் இமோயன் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவள். தொடக்கத்திலேயே ஆட்டக்காரருக்கு ஒரு நல்ல மனம் கொண்ட திருடி தேவைப்பட்டாள். புதிதாகக் குரல் பதிவு செய்யப் பணம் இல்லாததால், மிச்சமிருந்த பழைய பதிவுகளிலிருந்து வரிகளை வெட்டி ஒட்டி அவளை உருவாக்கினார்கள். இரண்டாம் பாகத்தில் (2000) கதையே அவளைத் தேடித்தான் போகிறது.

‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ (2014) கேமில் புதிய இடத்துக்குப் போகும்போதெல்லாம் நிலவரம் சொல்லும் குள்ளர் இன ஒற்றர் லேஸ் ஹார்டிங். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நமக்கு முன்பே அங்கு போய்ப் பார்த்து வைத்திருப்பவள் அவள். தன் வேலையில் தேர்ந்தவள் என்பது சொல்லாமலே தெரிந்தது. ‘த வேல்கார்ட்’ (2024) கேமில் அவள் முழுநேரத் துணை.

‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ (1997) கேமில் வெடிகுண்டும் போலி அடையாள அட்டையும் செய்து தருபவள் ஜெஸ்ஸி, பிறகு நகரின் மேல்தளத்தைத் தாங்கும் தூணைக் காக்கும் போரில் இறந்துபோவாள். 2020இன் ரீமேக் அவள் பெற்றோரின் வீட்டுக்கே நம்மை அழைத்துப் போகிறது. மேகோ என்ற எரிசக்தியின் நஞ்சால் படுத்த படுக்கையான தந்தை, நடிகையாகும் கனவை விட்டு அவள் போராட்டக் குழுவில் சேர்ந்த காரணம், எல்லாம் ஒரே இரவில் தெரிகிறது. அவள் வெடிகுண்டு செய்வதற்குப் பின்னால் இப்போது ஒரு வீடு இருக்கிறது. நாயகனிடம் சரசமாடும் வரிகள் அளவுக்கு மீறிப் போனது மட்டும் குறை. அதில் பாதியை அவள் தொழில்நுட்பத் திறமைக்குக் கொடுத்திருக்கலாம்.

வயதான பெண்கள் என்றால் பாட்டி அல்லது சூனியக்காரி. வேறு கிடையாதா?
வாசகி, புதுச்சேரி

குறைவுதான். ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமின் எத்தல் ஆன்ட்டி மருந்து விற்கும் கனிந்த பாட்டியாக அறிமுகமாகிப் பிறகு சூனியக்காரியாக வெளிப்படுவது எடுபடுவதே, நம் மனதில் அந்த இரண்டு பெட்டிகள் மட்டும் இருப்பதால்தான். அதே குவெஸ்டில் மேரினா என்ற கர்ப்பிணி இருக்கிறாள். செத்த கணவனை மீட்கப் பிறக்கப்போகும் குழந்தையையே பேரம் பேசியவள். அவளைக் காப்பாற்றினால் நன்றி சொல்லாமல் நம்மிடம் கோபப்படுகிறாள். இந்தக் கோபம் வயதான பாத்திரங்களுக்கும் கிடைக்க வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் கடன் வசூலிப்பவள், கப்பல் கட்டுபவள், ஊர் வழக்குத் தீர்ப்பவள் என்று மூவரை வையுங்கள், ஊரின் நிறமே மாறும்.

ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற கேம் செய்யும் மென்பொருளில் தமிழில் ஒரு சிறு கேம் செய்கிறோம். ஆறு நிமிடம் வரும் ஒரு பெண் பாத்திரத்தை எப்படி எழுதுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
கல்லூரி மாணவர்கள், மதுரை

ஆற்றைக் கடக்க ஓர் ஓடக்காரி தேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக அவளுக்குப் பெயர் வையுங்கள். செல்லி. கேமில் காட்டும் பெயர் ‘ஓடக்காரி’ என்று இருந்தால், குழுவுக்குள்ளும் அவளை அப்படியே பேசிப் பேசி அவள் படகின் ஒரு பாகமாகிவிடுவாள்.

பிறகு ஒரு அட்டையில் நான்கே விஷயம். ஒன்று, விடியல், நண்பகல், மாலை, இரவு நான்கு வேளையிலும் அவள் எங்கே, கையில் என்ன. இரண்டு, அவளுக்கு என்ன வேண்டும், தடையாக இருப்பது யார். இந்த விடையில் நாயகன் வரக் கூடாது. மேலே பாலம் கட்டுகிறார்கள், ஓடம் ஓடாது, பாலத்தில் சுங்கம் வாங்கும் வேலை தனக்கு வேண்டும், ஊர்த்தலைவர் பிடி கொடுக்கவில்லை. மூன்று, எதை அவள் செய்ய மாட்டாள். நான்கு, அவளைப் பற்றி வேறு யார், என்ன சொல்கிறார்கள்.

வசனம் பன்னிரண்டு வரி போதும். முதல் சந்திப்புக்கு மூன்று, திரும்பப் பேசினால் இரண்டு, மறுப்பு இரண்டு, நிலைமை மாறியபின் மூன்று, அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வது இரண்டு. மாதிரிக்குச் சில:

“அக்கரைக்கு ரெண்டு காசு, குதிரைக்கு நாலு. வாளுக்குக் காசு இல்ல, ஆனா ஓடத்துல உறையவிட்டு எடுக்கக் கூடாது.”

“மேல மரம் வெட்டுற சத்தம் கேக்குதா? பாலமாம். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.”

மறுப்பு: “பொழுது சாஞ்சா ஓடம் எடுக்க மாட்டேன். நீங்க எவ்வளவு குடுத்தாலும்.”

பாலம் முடிந்தபின்: “தலைவர் வீட்டு வாசல்ல மூணு நாளா உக்காந்திருக்கேன். நாலாவது நாளும் உக்காருவேன்.”

வலைக்காரர் ஒருவர்: “செல்லி போட்ட முடிச்சு அவுந்து நான் பாத்ததில்ல.”

முதல் வரியில் விலை, விதி, குணம் மூன்றும் வந்துவிட்டன. ‘நான் ஏழை, என் கணவர் இறந்துவிட்டார், நீங்கள்தான் உதவ வேண்டும்’ என்று தொடங்கியிருந்தால் ஆட்டக்காரர் பட்டனை அழுத்திக்கொண்டே போயிருப்பார். மறுப்பு வரியைப் பணத்தாலோ திறன் புள்ளியாலோ உடைக்க வழி வைக்காதீர்கள். வேண்டுமானால் ஆட்டக்காரர் விடியும்வரை கரையில் காத்திருக்கட்டும்.

மென்பொருளில் ஏற்றும்போது பலர் தவறும் இடம் இது. ஆர்.பி.ஜி. மேக்கரில் ஒரு ஈவென்ட்டுக்கு (வரைபடத்தில் வைக்கும் ஆளுக்கோ பொருளுக்கோ) பல பக்கங்கள் இருக்கும். நிபந்தனை பொருந்தும் பக்கங்களில் எண் அதிகமான பக்கமே ஓடும். ‘ஏற்கெனவே சந்தித்தாயிற்று’ என்ற செல்ஃப் ஸ்விட்ச் (அந்த ஈவென்ட்டுக்கு மட்டுமான நினைவுக்குறி) பக்கத்தைக் கடைசியில் வைத்தால், பாலம் கட்டி முடித்த பிறகும் செல்லி பழைய வரியையே சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் சந்திப்பு 1ஆம் பக்கம், சந்தித்தபின் 2, இரவு 3, பாலம் முடிந்தபின் 4 என்று பொதுவானது முன்னும் குறிப்பானது பின்னுமாக அடுக்குங்கள். இரவுப் பக்கத்தில் மறுப்பு வரி. பாலம் முடிந்த பக்கத்தில் அவள் நிற்கும் இடமும் மாற வேண்டும், ஆகவே பழைய ஈவென்ட்டை ஆற்றங்கரையில் மறைத்துத் தலைவர் வீட்டு வாசலில் இன்னொன்றை வையுங்கள்.

செய்திப் பெட்டியில் நான்கு வரிதான் கொள்ளும், முகப் படம் வைத்தால் அகலமும் குறையும். வசனத்தை எழுத்தெழுத்தாகக் காட்டும் முறையில் ஒற்றைக்கொம்பும் காலும் மெய்யெழுத்தைவிட்டுப் பிரிந்து, ‘கொ’ உடைந்து தெரியக்கூடும். வரி முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டும்படி அமைத்து, தமிழ் எழுத்துரு ஒன்றைக் கேமோடு சேர்த்துச் சோதியுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. நாயகனின் வரிகளையெல்லாம் மறைத்துவிட்டு அவள் வரிகளை மட்டும் வாசியுங்கள். ஒரு வாழ்க்கை தெரிகிறதா? பலர் ‘அவளை ஆணாக மாற்றிப் பார், வசனம் பொருந்தினால் நல்ல எழுத்து’ என்பார்கள். அது பாதி உண்மை. எந்தக் குணமும் இல்லாத பாத்திரமும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆங்கில கேம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கிறோம். பெண் பாத்திரங்களுக்கு ‘அவளா’, ‘அவரா’ என்பதில் குழுவுக்குள் சண்டை. வழி சொல்லுங்கள்.
வாசகி, சென்னை

இந்தச் சண்டை அவசியமானது, அதைத் தவிர்க்காதீர்கள். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் ‘நீ’, ‘நீங்க’ இரண்டில் ஒன்றை ஒவ்வொரு வரியிலும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அங்கேதான் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு நுழைகிறது. ஆண் கொல்லரிடம் “வாள் தீட்டித் தருவீங்களா?” என்று கேட்கும் நாயகன், ‘ஸ்கைரிம்’ ஆட்ரியானைப் போன்ற பெண் கொல்லரிடம் “தீட்டித் தர்றியா?” என்று கேட்டுவிடுவான். மொழிபெயர்ப்பாளர் கவனித்திருக்கவே மாட்டார்.

மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுபவர்கள், மேலே கேட்பவர்கள், கட்டத்துக்குள் ‘நீ’ அல்லது ‘நீங்க’. வயது, தொழில், பழக்கம் மூன்றையும் வைத்து நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் ஒரே தொழிலில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கதையில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சமமாக்குங்கள். உறவு நெருங்கும்போது ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகும் இடத்தையும், எந்தக் குவெஸ்டுக்குப் பிறகு என்று கட்டத்திலேயே குறியுங்கள். தமிழில் அது ஒரு காட்சிக்குச் சமம்.

மெனுவிலும் குறிப்பேட்டிலும் வரும் விவரணைக்குத் தனி விதி. ஆண் பாத்திரங்களுக்கு ‘அவர்’ என்றால் பெண்களுக்கும் ‘அவர்’. நாவல் நடையில் ‘அவன்’, ‘அவள்’ என்று போனால் எல்லோருக்கும் அப்படியே, அரசருக்கும் சேர்த்து. பெயரில்லாத கூட்டப் பாத்திரங்களின் மேல் காட்டும் பட்டத்துக்கும் இதே கணக்கு. ‘காவலர்’, ‘வணிகர்’, ‘கொல்லர்’ இருபாலுக்கும் நிற்கும். ஆணுக்கு ‘வணிகர்’ என்றும் பெண்ணுக்கு ‘கடைக்காரி’ என்றும் போட்டிருக்கிறதா என்று எக்செல் தாளில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.